புலிக்கு யார் சரி: குரங்கா, நாயா, பன்றியா, குதிரையா?

என் பக்கத்து இருக்கைத் தோழி சீனர். சிங்கப்பூரில் இருபது வருடமாக ஒரே அலுவலகம், ஒரே உணவங்காடி, ஒரே கோப்பிக் கடை. ஒரு நாள் மதியம் கோப்பியைக் கலக்கிக்கொண்டே ஒரு துண்டுக் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். அதில் நான்கு வருடங்கள் எழுதியிருந்தன: 1992, 1994, 1995, 2002. "நீங்களும்தான் ஜாதகம் பார்க்கிறீர்கள். இதில் எது தேவலை, சொல்" என்றார்.

விஷயம் இதுதான். அவர் மகள் 1998-இல் பிறந்தவள். சீனக் கணக்கில் பிறந்த வருடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலங்கு உண்டு, அவளுக்குப் புலி. கல்யாணம் செய்துகொள்ளலாம் என்ற நினைப்பு வந்து, செயலி வழியாகவும் நண்பர்கள் வழியாகவும் நான்கு பேரோடு பேசிப் பழகிக்கொண்டிருந்தாள். யார் என்ன படித்தார்கள், எங்கே வேலை என்பதெல்லாம் அம்மாவுக்கு அப்புறம்தான். முதலில் பிறந்த வருடம். 1992 குரங்கு, 1994 நாய், 1995 பன்றி, 2002 குதிரை.

நானும் புலிதான், 1974. அதனால் இதில் எனக்குச் சொந்த அக்கறையும் உண்டு. பல வருடங்களுக்கு முன் வேறொரு தோழியின் கல்யாணத்துக்குப் போனபோது, ஒரு பெரியம்மா மிக மரியாதையாக என் பிறந்த வருடத்தைக் கேட்டார். சொன்னதும், மணப்பெண்ணின் அறைக்குள் வராமல் கூடத்திலேயே உட்காரச் சொன்னார். புலி ஆண்டுக்காரர்கள் மணப்பெண் அறைக்குள் நுழைந்தால் ஆகாது என்பது அவர்கள் பழக்கம். சாப்பாடு கூடத்தில்தான் என்பதால் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஆனால் அன்றுதான் இந்தப் புலி என்ன செய்தது என்று தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன்.

பயம் ஒன்றும் லேசானதில்லை. 1986 புலி ஆண்டில் சிங்கப்பூரின் கருத்தரிப்பு விகிதம் 1.43-க்கு இறங்கியது. இரண்டே வருடத்தில், ராசியானது என்று நம்பப்படும் 1988 டிராகன் ஆண்டில், 1.96-க்கு ஏறியது. முழுப் பழியையும் புலிமேல் போட முடியாது. நடுவில் 1987-இல், வசதி உள்ளவர்கள் மூன்று பிள்ளைகளோ அதற்கு மேலோ பெற்றுக்கொள்ளுங்கள் என்று அரசாங்கமே கொள்கையை மாற்றியது. தைவானில் கதை இன்னும் பளிச்சென்று தெரியும். 2009-இல் அங்கே சுமார் 1,91,000 குழந்தைகள் பிறந்தன. 2010 புலி ஆண்டில் சுமார் 1,67,000. 2012 டிராகன் ஆண்டில் சுமார் 2,29,000. பெண் குழந்தை புலியாகப் பிறந்தால் அடங்காது, புகுந்த வீட்டில் நிலைக்காது என்ற பேச்சு இன்னும் முழுதாகப் போகவில்லை.

அதே புலிதான் குழந்தைகளுக்குக் காவல் என்பது வேடிக்கை. சீனாவில் பிள்ளைகளுக்குப் புலித் தலை போட்ட தொப்பியும் காலணியும் போட்டுவிடுவார்கள், நெற்றியில் 'அரசன்' என்ற எழுத்தோடு. இங்கே ஹொக்கியன் சீனர்களின் கோவில்கள் சிலவற்றில் பீடத்துக்கு அடியில் குனிந்து பார்த்தால் புலிச்சாமி உட்கார்ந்திருப்பார். அவருக்கு முட்டையும் இறைச்சியும் படையல். ஆக, வாசலில் காவலுக்கு வேண்டும், மணவறைக்குள் மட்டும் வேண்டாம்.

சரி, குணத்துக்கு வருவோம். பன்னிரண்டு விலங்குகளின் வரிசை இது: எலி, எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி. புலி மூன்றாவது. ஒரு நாளில் புலிக்கு உரிய நேரம் விடியற்காலை 3 முதல் 5 மணி வரை. வருடத்தில் வசந்தத்தின் முதல் மாதம், நம் கணக்கில் பிப்ரவரி. சீனர்களின் ஐந்து பூதங்களான மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் ஆகியவற்றில் மரம். அந்தக் காட்டு விலங்கை மறந்துவிட்டு இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்: இருட்டு விலகாத நேரம், குளிர் போகாத மாதம், மண்ணை முட்டிக்கொண்டு வெளியே வரும் முளை. புலிக்குச் சொல்லப்படும் குணமெல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. எல்லோருக்கும் முன்னால் ஆரம்பிப்பார்கள். தடுத்தால் வேகம் கூடும். 'நீ இப்படிச் செய்' என்று உத்தரவு போட்டால், செய்ய நினைத்திருந்ததைக்கூடச் செய்யமாட்டார்கள். கோபம் சட்டென்று வரும், அதே வேகத்தில் போகும். தன்னைச் சேர்ந்தவர்களுக்கு ஒன்று என்றால் யோசிக்காமல் நடுவில் போய் நிற்பார்கள். ஆரம்பிப்பதில் உள்ள சுறுசுறுப்பு முடிப்பதில் இருக்காது. 'ஒரு நாளின் திட்டம் புலி நேரத்தில்' என்று சீனத்தில் ஒரு பழமொழியே உண்டு. அந்த நாளை யார் முடித்துவைப்பது என்று பழமொழி சொல்லவில்லை.

துணை தேடும் புலி கேட்க வேண்டிய கேள்வி இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். யாரோடு எனக்கு அதிகப் பொருத்தம் என்று தேடுவதைவிட, என்னால் முடியாததை யார் முடிப்பார்கள் என்று தேடலாம். தோழியிடம் அன்று நான் சொன்னதும் அதுதான். அதை அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை.

நட்பும் பகையும் இங்கே எப்படி வருகின்றன என்று தெரியாமல் நான்கு பேரையும் எடைபோட முடியாது. நம் பத்துப் பொருத்தத்தில் யோனிப் பொருத்தம் என்று ஒன்று இருக்கிறதே, அதிலும் விலங்குகள்தான். சித்திரையும் விசாகமும் புலி, உத்திரமும் உத்திரட்டாதியும் பசு. புலிக்கும் பசுவுக்கும் ஆகாது, பூனைக்கும் எலிக்கும் ஆகாது, பாம்புக்கும் கீரிக்கும் ஆகாது. காட்டிலும் வீட்டிலும் எது எதைத் துரத்துகிறதோ அதுவே பகை. சின்னக் குழந்தைக்கும் புரியும்.

சீனக் கணக்கை அந்தக் கண்ணோடு பார்த்தால் ஒன்றும் புரியாது. அங்கே புலியின் ரகசிய நண்பன் பன்றி, அதாவது அதன் இரை. புலியின் நேர் எதிரி குரங்கு. எருதுக்கும் புலிக்கும் பெரிய பகை என்று எதுவும் இல்லை. ஏனென்றால் இந்த விலங்குகள் வெறும் பெயர்ப்பலகைகள். உள்ளே வேலை செய்வது பன்னிரண்டு 'கிளைகள்' என்ற ஒரு பழைய காலக் கணக்கும், ஒவ்வொரு கிளைக்கும் உள்ள பூதமும் திசையும்தான். பன்னிரண்டையும் கடிகாரம் போல வட்டமாக எழுதுங்கள். நேர் எதிரே நிற்பது மோதல். நான்கு நான்காக எண்ணிப் போனால் வரும் முக்கோணம் கூட்டணி. இவை தவிர, ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிச் சோடி உண்டு. அந்தச் சோடியை எவன் மோதிக் கெடுக்கிறானோ அவன் 'தீங்கு' செய்பவன்.

புலியின் முக்கோணம் குதிரையும் நாயும். மூன்றும் சேர்ந்தால் நெருப்பு என்பார்கள். மரமாகிய புலி நெருப்புக் கூட்டணிக்குள் எப்படி வந்தது என்று எனக்கு வெகுநாள் சந்தேகம். கணக்கு இப்படிப் போகிறது: நெருப்புக்கும் பிறப்பு, உச்சம், அடக்கம் உண்டு. பிப்ரவரியில், புலி மாதத்தில், நெருப்பு பிறக்கிறது. ஜூனில், குதிரை மாதத்தில், உச்சிவெயிலாக எரிகிறது. அக்டோபரில், நாய் மாதத்தில், சாம்பலுக்குள் கனலாக அடங்குகிறது. ஒரே நெருப்பின் மூன்று வயது.

இது புரிந்தால் குதிரையும் நாயும் புலிக்கு ஒரே மாதிரி நண்பர்கள் இல்லை என்பதும் புரிந்துவிடும். பொதுவாகப் பொருத்தம் சொல்கிறவர்கள் இரண்டையும் ஒரே வரியில் 'மிக நல்லது' என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

முதலில் 2002, குதிரை. சாத்திரப்படி பார்த்தால் நான்கு பேரில் முதல் இடம் இவருக்குத்தான். பிறப்பும் உச்சமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால், மூன்றாவது ஆள் இல்லாமலேயே இந்தப் பாதிக் கூட்டணி பலமாக வேலை செய்யும் என்பது கணக்கு. இருவருக்கும் கட்டுப்பாடு பிடிக்காது, இருவருக்கும் உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது, ஒருவர் 'போகலாமா' என்று கேட்கும் முன் மற்றவர் செருப்பை மாட்டிவிடுவார். பேச்சுத் துணைக்கும் பயணத்துக்கும், ஏன், சேர்ந்து கடை போடுவதற்கும்கூட இதைவிட நல்ல சோடி கிடையாது. ஆனால் வீட்டுக் கடனுக்கு முப்பது வருடத் தவணை கட்ட வேண்டும் என்றால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். ஆரம்பிக்கும் ஆளும் எரியும் ஆளும் இருக்கிறார்கள், அடக்கும் ஆள் யார்? இரண்டு பேரும் ஒரே நாளில் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கக்கூடிய வீடு அது.

குதிரைக்கும் ஒரு பழி உண்டு என்பதைப் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். வருட விலங்கோடு ஒரு பூதமும் சேர்ந்து சுற்றுவதால், அறுபது வருடத்துக்கு ஒரு முறை நெருப்புக் குதிரை ஆண்டு வரும். அதில் பிறந்த பெண் கணவனுக்கு ஆகாதவள் என்பது ஜப்பானில் வேரூன்றிய நம்பிக்கை. 1965-இல் அங்கே சுமார் 18,20,000 குழந்தைகள் பிறந்திருந்தன. 1966 நெருப்புக் குதிரை ஆண்டில் அது சுமார் 13,60,000. மறு வருடமே 19 லட்சத்தைத் தாண்டியது. 1966-க்கு அடுத்த நெருப்புக் குதிரை 2026-இல், பிப்ரவரி 17 அன்று தொடங்குவது. நம் 2002-காரர் நீர்க் குதிரை, அவருக்கு இந்தத் தலைவலி இல்லை. தோழிக்கு அவரிடம் இருந்த குறை வேறு: "நான்கு வயது சின்னவன். என் மகள் அவனை வளர்க்க வேண்டியிருக்கும்." இதற்கு ஜோதிடம் தேவையில்லை.

1994, நாய். இங்கே நான் நடுநிலையானவள் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் வீட்டுக்காரர் 1970, நாய். எங்கள் கல்யாணத்தில் யாரும் சீனக் கணக்கைப் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் நட்சத்திரமும் செவ்வாயும்தான். பிறகு ஒரு நாள் இதே தோழி கைவிரலில் எண்ணிப் பார்த்துவிட்டு, "அட, உனக்கு நன்றாகத்தான் அமைந்திருக்கிறது" என்றார்.

நாய் ஆண்டுக்காரர்களுக்குச் சொல்லப்படும் முதல் குணம் விசுவாசம். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து வருவது: கவலை. கதவைப் பூட்டினோமா, அடுப்பை அணைத்தோமா, கட்டணம் கட்டியாகிவிட்டதா என்று எப்போதும் ஏதாவது ஒன்றைக் காவல் காத்துக்கொண்டே இருப்பார்கள். நியாயம் அநியாயம் என்று வந்துவிட்டால் யார் முகத்தையும் பார்க்காமல் பேசிவிடுவார்கள், புலியின் முகத்தையும். புலிக்கு யாராவது 'இல்லை' என்று சொன்னால் ஆத்திரம் வரும். ஆனால் நாயின் 'இல்லை'யில் அதிகாரம் இருக்காது, அக்கறை இருக்கும். அதனால் புலி அரை மணி நேரம் உறுமிவிட்டு அடங்கிவிடும். எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் கறிவேப்பிலையும் மல்லிகையும் வைக்க வேண்டும் என்று பத்து வருடத்துக்கு முன் தொட்டி வாங்கி வந்தவள் நான். அன்றிலிருந்து தண்ணீர் ஊற்றுபவர் அவர். இதற்கு மேல் இந்தப் பொருத்தத்தை எனக்கு விளக்கத் தெரியவில்லை.

சாத்திரத்தில் இதற்கு ஒரு குறை உண்டு, மறைக்கக் கூடாது. புலிக்கும் நாய்க்கும் நடுவில் உச்சமான குதிரை இல்லை. பிறப்பு இருக்கிறது, அடக்கம் இருக்கிறது, நடுவில் எரிய வேண்டியது இல்லை. இதை முழுக் கூட்டணியாக எண்ணாமல், நடு ஆளுக்காகக் காத்திருக்கும் சோடியாகத்தான் வைக்கிறார்கள். பேச்சு வழக்கில் சொன்னால் விறுவிறுப்பு குறைவு. நாயின் கவலை சில நாள் வீட்டையே இருட்டாக்கிவிடும், புலிக்கு அப்போது மூச்சு முட்டும். குதிரை ஆண்டில் ஒரு பிள்ளை பிறந்தால் முக்கோணம் நிறைந்துவிடும் என்று ஆறுதல் சொல்வார்கள். இதைக் கேட்டதும் தோழியின் முகத்தில் ஒரு கணக்கு ஓடியது. நான் பேச்சை மாற்றினேன்.

1995, பன்றி. இதுதான் அந்தத் தனிச் சோடி. பன்றியின் பூதம் நீர், புலி மரம், நீர் மரத்தை வளர்க்கும். அது மட்டும் காரணமில்லை. நெருப்பு புலியில் பிறப்பது போல, மரம் பன்றியில் பிறக்கிறது என்பது கணக்கு. அதாவது பன்றி புலிக்குத் தாய்வீடு மாதிரி. பன்றி ஆண்டுக்காரர்கள் தாராளமானவர்கள், நல்ல சாப்பாடும் நல்ல தூக்கமும் இருந்தால் உலகத்தோடு சண்டை இல்லை, யார் என்ன சொன்னாலும் நம்பிவிடுவார்கள். வெளியில் அடிபட்டு வரும் புலிக்கு இப்படி ஒரு மடி கிடைத்தால் வேறென்ன வேண்டும்?

வேண்டியது ஒன்று உண்டு: புலிக்குக் கொஞ்சம் மனசாட்சி. நீர் மரத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும், மரம் 'போதும்' என்று சொல்லாது. எனக்குத் தெரிந்த ஒரு புலி-பன்றி வீட்டில் இருபது வருடமாகப் பன்றியான கணவர் எதற்குமே மறுப்புச் சொன்னதில்லை. எந்த வீடு வாங்குவது, எந்தப் பள்ளி, எந்த ஊருக்கு விடுமுறை, எல்லாம் அவள் முடிவு. பார்க்கிறவர்கள் பொறாமைப்படுவார்கள். ஒரு நாள் அவர் தம் அக்கா வீட்டுக்குப் போய் ஒரு மாதம் தங்கிவிட்டார். சண்டை கிண்டை எதுவும் இல்லை, களைத்துப் போயிருந்தார். சாத்திரமும் இதைச் சாடையாகச் சொல்கிறது. புலியும் பன்றியும் ஒரு பட்டியலில் சோடியாக இருக்கின்றன, இன்னொரு பட்டியலில் 'உடைவு' என்ற தலைப்பின் கீழும் அதே இருவர் இருக்கிறார்கள். முதல் பட்டியலை எல்லோரும் சொல்வார்கள், இரண்டாவதைக் கேட்டால்தான் சொல்வார்கள்.

1992, குரங்கு. வட்டத்தில் நேர் எதிர். புலி விடியற்காலை 3 மணி என்றால் குரங்கு மாலை 3 மணி. புலி மரம், குரங்கு உலோகம், கோடரி மரத்தை வெட்டும். போதாததற்கு ஆறு வயது வித்தியாசம். ஆறு என்றாலே வட்டத்தில் எதிர்ப்புள்ளி என்பதால், ஆறு வருட இடைவெளியில் கல்யாணம் கூடாது என்று பெரியவர்கள் எந்த விலங்கு என்றுகூடப் பார்க்காமல் சொல்லிவிடுவார்கள். தோழி அந்தக் காகிதத்தில் 1992-க்குக் கீழே ஏற்கனவே ஒரு கோடு போட்டிருந்தார்.

மகளுக்கு மிகவும் பிடித்திருந்தது அவரைத்தான் என்பது எனக்குத் தெரியும். "ஆன்ட்டி, அவரோடு பேசினால்தான் சிரிப்பு வருகிறது" என்று ஒரு முறை சொன்னாள். புலிக்கும் குரங்குக்கும் இது பொருந்தித்தான் வருகிறது. குரங்கின் மூளை வேகமானது, கிண்டல் அதிகம். புலிக்குத் தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கத் தெரியாது, குரங்கு அதைச் சிரிக்க வைக்கும். முதல் ஆறு மாதம் சொர்க்கம். அப்புறம் அதே கிண்டல் நாலு பேர் முன்னால் நடக்கும்போது புலி அதை அவமானமாக எடுத்துக்கொள்ளும். புலி நேராகப் பாயும், குரங்கு கிளைக்குக் கிளை தாவும், கடைசிவரை ஒருவர் கையில் மற்றவர் அகப்படமாட்டார். மோதல் என்பது அழிவு என்று நான் நினைக்கவில்லை. எதிரே நிற்பவர்கள் ஒருவரையொருவர் தெளிவாகப் பார்க்கவாவது செய்கிறார்கள்.

பட்டியலில் இல்லாத இருவரைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் நான் உண்மையில் தயங்குவது அங்கேதான். ஒன்று பாம்பு. புலியின் சோடியான பன்றிக்கு நேர் எதிரே நிற்பது பாம்பு, அதனால் புலிக்குத் தீங்கு. பழைய தலைமுறைச் சீனர்களுக்குத் தெரிந்த ஒரு கல்யாணப் பாட்டில் 'பாம்பும் புலியும் குறுக்கே வைத்த கத்திகள்' என்று வரும். குணமாகப் பார்த்தாலும், கத்தித் தீர்க்கும் ஆளும் மனதுக்குள் வைத்துக்கொள்ளும் ஆளும் ஒரு வீட்டில் இருப்பது, இரண்டு பேர் கத்துவதைவிடச் சிரமம். இன்னொன்று புலிக்கே புலி. 'ஒரு மலை இரண்டு புலி தாங்காது' என்பது சீனப் பழமொழி. நம் ஊரில் ஒரு உறைக்குள் இரண்டு கத்தி என்போம். எலி, எருது, முயல், டிராகன், ஆடு, சேவல் ஆறும் புலிக்குப் பெரிய உறவும் இல்லை, பெரிய பகையும் இல்லை. மனிதரைப் பார்த்து முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான்.

என் வரிசையைக் கேட்டால்: வாழ்நாள் முழுக்க ஒரு வீட்டை நடத்த நாய், அதற்கு அடுத்து, தன் பசியைத் தானே அளக்கத் தெரிந்த புலியாக இருந்தால், பன்றி. குதிரை நல்ல நண்பராக இருக்கட்டும். குரங்கை வருடத்தைப் பார்த்துத் தள்ளக் கூடாது, நாலு பேர் நடுவில் உன்னிடம் எப்படிப் பேசுகிறார் என்று பார்த்துத் தள்ளலாம். "குதிரையைப் போய் மூன்றாவது இடத்தில் போடுகிறாயே!" என்று தோழிக்குத் தாங்கவில்லை. அவர் அம்மா சொல்லிக்கொடுத்த வரிசையில் குதிரைதான் முதல்.

அவரை இன்னும் குழப்பியது வேறு விஷயம். மூன்று, ஆறு, ஒன்பது வருட வித்தியாசம் ஆகாது என்று அவர் வீட்டில் ஒரு வாய்ப்பாடு உண்டு. ஆறு சரி, எதிர்ப்புள்ளி. மூன்று? 1998-க்கும் 1995-க்கும் மூன்று. அந்த வாய்ப்பாட்டின்படி, புலியின் தனிச் சோடியான பன்றியே தள்ளுபடி! புலிக்கு மூன்று வருடம் பின்னால் வரும் பாம்பைத் தள்ளுவதற்காகப் போட்ட வலையில், மூன்று வருடம் முன்னால் வரும் பன்றியும் மாட்டிக்கொள்கிறது. பாட்டியின் வாய்ப்பாடும் பஞ்சாங்கமும் அங்கே சண்டை போட்டுக்கொள்கின்றன.

பஞ்சாங்கம் என்றது சிவப்பு அட்டை போட்ட அவர்கள் பஞ்சாங்கத்தைத்தான். அதில் விலங்கோடு நிற்காமல் ஒவ்வொரு இரண்டு வருடத்துக்கும் ஒரு பூதப் பெயரும் இருக்கும். முன்பு சொன்ன மரப் புலி, நீர்க் குதிரைக் கணக்கு வேறு, இது வேறு. 1998 'நகர மதில் மண்'. 1994-ம் 1995-ம் 'மலையுச்சி நெருப்பு'. 2002 'வில்லோ மரம்'. 1992 'வாள்முனை உலோகம்'. நெருப்பு எரிந்து மண்ணாகும், எனவே நாயும் பன்றியும் அவளுக்கு ஆதரவு. மரம் மண்ணைத் துளைக்கும், எனவே முக்கோண நண்பனான குதிரை இங்கே தொல்லை. மண்ணிலிருந்து உலோகம் பிறக்கும், எனவே ஜென்ம எதிரியான குரங்குக்கு அவளே தாய்! ஒரே நான்கு பேர், ஒரே பெண், பக்கத்தைப் புரட்டினால் வரிசை மாறிவிடுகிறது.

தோழி கடைசியில் வாட்டர்லூ ஸ்திரீட்டுக்குப் போனார். அங்கே குவான் இம் என்ற சீனப் பெண் தெய்வத்தின் கோவில். அதற்குப் பக்கத்திலேயே நம் கிருஷ்ணன் கோவில், சீனர்கள் இரண்டிலும் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அந்த வட்டாரத்தில் ஜோதிடம் பார்க்கும் ஒரு முதியவரிடம் ஐந்து பேரின் பிறந்த தேதியும் நேரமும் கொடுத்திருக்கிறார். முதியவர் விலங்கைப் பற்றிப் பேசவே இல்லையாம். வருடம், மாதம், நாள், நேரம் என்று நான்கு தூண்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு எழுத்து, மொத்தம் எட்டு எழுத்து. வருடத் தூண் முன்னோரையும் வெளியுலகத்தையும் சொல்வது. வாழ்க்கைத் துணையின் இடம் நாள் தூணில், அதன் கீழ் எழுத்தில். "வருட விலங்கை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன்" என்றிருக்கிறார். மகளின் நாள் தூணில், துணையின் இடத்திலேயே, குரங்கு உட்கார்ந்திருந்தது. வருடத்தில் புலி, துணையின் இடத்தில் குரங்கு. எவரைக் கட்டினாலும் கொஞ்சம் சண்டை போடுவாள், அதற்குக் குரங்கு மாப்பிள்ளைதான் வேண்டும் என்பதில்லை என்று சிரித்தாராம்.

இன்னொன்றும் சொன்னார், அதுதான் இப்போது எங்கள் கோப்பி நேரத்துப் பேச்சு. சீன வருடம் எங்கே தொடங்குகிறது என்பதில் இரண்டு கணக்கு இருக்கிறது. ஊர் வழக்கில், அங்பாவ் என்ற சிவப்புப் பண உறை வாங்கும் சீனப் புத்தாண்டு அன்று விலங்கு மாறும். எட்டு எழுத்து பார்க்கிறவர்களுக்கு, பிப்ரவரி 4 வாக்கில் வரும் வசந்தத் தொடக்க நாளில் மாறும். 1998-இல் புத்தாண்டு ஜனவரி 28, எனவே அந்த ஒரு வாரத்தில் பிறந்தவர்கள் ஊருக்குப் புலி, ஜோதிடருக்கு எருது. 1986-இல் புத்தாண்டு பிப்ரவரி 9, அங்கே தலைகீழ்: இடையில் பிறந்தவர்கள் ஊருக்கு எருது, ஜோதிடருக்குப் புலி. தோழியின் மகள் ஜூனில் பிறந்தவள், அவள் எந்தக் கணக்கிலும் புலி.

1994-இல் புத்தாண்டு பிப்ரவரி 10. மகள் இப்போது பேசிக்கொண்டிருப்பது அந்த 1994-காரரோடு மட்டும்தான். அவர் பிறந்தது பிப்ரவரி 7. முதியவருக்கு அவர் நாய். அவருடைய சொந்த அம்மாவுக்கு அவர் பிறந்ததிலிருந்து சேவல், வருடா வருடம் சேவல் படம் போட்ட அங்பாவில்தான் பணம் கொடுத்து வந்திருக்கிறார்.

"நீ எதை எடுத்துக்கொண்டாய்?" என்று தோழியிடம் கேட்டேன்.

"நாய்தான், சந்தேகமென்ன" என்றார் கோப்பியைக் கலக்கிக்கொண்டே. "அவன் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதே."